பழுதைச் சொல்லும் மொழி

முரசுமோட்டைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் தன் இறைப்பு மிசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு திருத்துமிடத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "தம்பி, மிசின் ஓடுது. தண்ணிதான் ஏறுதில்லை" என்கிறார். அங்கே நிற்கும் இளைஞன் தொழிற்பயிற்சி முடித்தவன். பம்பைக் கழற்றவும் பூட்டவும் நன்றாகத் தெரிந்தவன். அவர் சொல்லி முடிக்கிறார், அவன் சாவியை எடுத்துக் கழற்றத் தொடங்குகிறான்.

கழற்றுவதற்கு முன் அவன் மூன்று கேள்விகள் கேட்டிருக்கலாம். மிசினை ஓடவிடுமுன் ஊற்றுகிற தண்ணீர் குழாயில் நிற்கிறதா, இறங்கிவிடுகிறதா? இறங்குகிறதென்றால் கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட் வால்வைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த வால்வு மிசினோடு வரவில்லை, கிணற்றிலேயே கிடக்கிறது. கிணற்றின் நீர்மட்டம் அண்மையில் இறங்கியதா? தரையில் வைத்து இறைக்கும் பம்பு நடைமுறையில் ஏழு மீட்டர் அளவுக்குத்தான் உறிஞ்சும். மட்டம் அதற்குக் கீழே போயிருந்தால் மிசினில் பழுதே இல்லை. மிசினைத் தாழ்வான படிக்கு இறக்கி வைத்தால் போதும். குழாயை எங்கேயாவது வெட்டி ஒட்டினார்களா? ஒட்டிய இடத்தில் காற்று இழுக்கலாம். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை சாவியைத் தொடாமலே முடிந்துவிடும். கேட்காவிட்டால், நல்ல மிசின் ஒன்றைக் கழற்றிப் பூட்டி, காசும் வாங்கி அனுப்புவான். தோட்டக்காரர் மறுநாள் திரும்பி வருவார்.

இந்தக் கேள்விகள் எதற்கும் ஆங்கிலம் தேவையில்லை. மூன்றும் தமிழ்க் கேள்விகள். தொழிற்பயிற்சி மாணவருடைய மொழித்திறனை வளர்ப்பது பற்றிக் கதைக்கும்போதெல்லாம் நாம் நேரே ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறோம். தோட்டக்காரரிடம் அந்த மூன்று கேள்விகளை அவன் ஏன் கேட்கவில்லை என்பதிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

முரசுமோட்டை இருக்கும் கண்டாவளை, கிளிநொச்சி மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்று; கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி மற்ற மூன்றும். பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியிலிருந்து பிரிந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதி, முரசுமோட்டை, தர்மபுரம் என்று இந்தப் பிரிவை ஊடறுத்துக்கொண்டு போகிறது. வயலும் மாடும் தோட்டமும் களப்பு மீனுமாக வாழும் பூமி. இங்கே தொழிற்சாலை அறிவு புதிதல்ல. பரந்தனில் 1950களில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தது. அப்படியொரு ஆலைக்கு மின் வேலையாள், குழாய் பொருத்துபவர், வெல்டர், ஆய்வுகூட உதவியாளர் எல்லாரும் வேண்டும். பெரியவரின் பக்கத்தில் நின்று வேலை பழகுவதற்கு ஊரிலேயே ஓர் இடம் இருந்தது. போர் அதை நிறுத்தியது.

இன்று ஒரு தொழிலை முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளை பரந்தன் சந்தியில் பஸ் ஏறிக் கிளிநொச்சி நகருக்கோ, அதற்கும் தெற்கே அறிவியல் நகருக்கோ போக வேண்டும். அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜெர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அதே சூழலில்தான். மோட்டார் வாகனம், மின்னியல், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம், கணினி என்று பாடநெறிகள் உள்ளன. இவை போக, 1995 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தொழிற்பயிற்சி அதிகாரசபை, பயிலுநர்களைத் தொழிலிடங்களில் சேர்த்துப் பழக்கும் அதிகாரசபை, இளைஞர் சேவைகள் மன்றம் என்று பல வாசல்கள். எந்த வாசலால் போனாலும் கிடைப்பது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ். பிள்ளைகள் வாயில் அது 'என்.வி.கியூ'. ஏழு மட்டங்கள். நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம்.

இந்தத் தகைமை முறையின் அடிப்படைக் கருத்து நல்லது. எவ்வளவு காலம் படித்தாய் என்று அது கேட்பதில்லை. எதைச் செய்து காட்டுவாய் என்றுதான் கேட்கிறது. பள்ளிக்கூடம் இடைநின்றவர்கூட, பல வருடம் மேசன் வேலை செய்த அனுபவத்தைக் காட்டி முன்கற்றலுக்கான அங்கீகாரமாகச் சான்றிதழ் பெறலாம். ஆனால் காட்டுவது என்றால் என்ன? சுவர் கட்டிக் காட்டுவது ஒரு பாதிதான். மதிப்பீட்டாளர் முன் இருந்து, இந்தக் கலவையை ஏன் இந்த விகிதத்தில் போட்டாய், வெயில் நேரத்தில் பூசிய சுவரை என்ன செய்வாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்வது மறுபாதி. இருபது வருடம் சுவர் கட்டியவர் அங்கே தடுமாறலாம். அவருக்குத் தெரியாததால் வரும் தடுமாற்றம் அல்ல அது. தெரிந்ததை இதுவரை யாரும் அவரிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை.

தொடர்பாடல் என்று பாடத்திட்டத்தில் ஓர் அலகு இருக்கத்தான் செய்கிறது. அது நடக்கும் விதம்தான் எனக்குக் கவலை தருகிறது. பொதுவாக அது வாரத்தில் ஒரு நேரம், பட்டறைக்கு வெளியே, ஆங்கில ஆசிரியரிடம் ஒப்படைக்கப்படுகிறது. பிள்ளை எழுந்து நின்று தன் பெயர், ஊர், பொழுதுபோக்கு மூன்றையும் மனப்பாடமாக ஆங்கிலத்தில் ஒப்பிக்கும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படித்துவந்த பிள்ளை, சாதாரண தரப் பரீட்சையில் அதே ஆங்கிலத்தால் மனம் நொந்து வந்த பிள்ளை, இங்கேயும் அதே மேடையில் நிறுத்தப்படுகிறது. அந்த வகுப்பு முடிந்து பட்டறைக்குள் போனால் அங்கே வேறொரு சட்டம்: கதையாமல் வேலையைப் பார். ஆக, கதைக்க வேண்டிய இடத்தில் வாய்க்குத் தடை. ஒன்றும் சொல்ல இல்லாத இடத்தில் பேச்சுக்குப் புள்ளி.

வேலையும் கதையும் இரண்டல்ல என்பதை மிகத் தெளிவாகக் காட்டியவர் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் போட்டோகொப்பி இயந்திரங்களைத் திருத்தும் தொழில்நுட்பவியலாளர்களோடு அவர் கூடத் திரிந்தார். அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்து எழுதிய நூல் 1996 இல் வெளிவந்தது. தலைப்பே இயந்திரங்களைப் பற்றிக் கதைத்தல் என்ற பொருளில் அமைந்தது. நிறுவனம் கொடுத்த கையேடு பழுதுகளை வரிசைப்படுத்தி, இது என்றால் அது செய் என்று சொன்னது. உண்மையான பழுதுகள் அந்த வரிசையில் வந்து நிற்கவில்லை. கையேடு கைவிட்ட இடத்தில் அந்த மனிதர்களைக் காப்பாற்றியது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பழுதுக் கதைகள். இப்படி ஓர் இயந்திரம், இந்தச் சத்தம், முதலில் இதை நினைத்தேன், பிழைத்தது, பிறகு பார்த்தால் காரணம் வேறு. புதியவன் அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் தொழிலாளியானான். இயந்திரத்தின் முன் நிற்கும்போதும் பழுதைக் கண்டுபிடிப்பது என்பது, சிதறிக் கிடக்கும் அறிகுறிகளை ஒரு கதையாகக் கோப்பதுதான் என்று ஜூலியன் ஓர் எழுதினார். பின்னாளில் அதே நிறுவனம் அந்தக் கதைகளைத் திரட்டிப் பகிர்வதற்கென்றே 'யுரேகா' என்ற தரவுத்தளத்தை அமைத்தது.

வன்னியில் ஒரு கராஜுக்குள் கொஞ்ச நேரம் நின்றவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. "காலமை ஸ்டாட் வராது, வெயில் ஏற வரும்." "ஏத்தத்தில இழுக்குதில்லை, வெள்ளையாப் புகை தள்ளுது." உழவு இயந்திரம் வைத்திருக்கும் கமக்காரர் சொல்லும் ஒவ்வொரு சொல்லிலும் தகவல் இருக்கிறது. கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிஞ்சிப் போகிறது. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல், அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர். கமக்காரருக்கு நிறம் தெரியும், காரணம் தெரியாது. பயிலுநருக்குக் காரணம் பாடத்தில் தெரியும், நிறத்தைக் கேட்டு வாங்கத் தெரியாது. இந்த இரண்டு அறிவும் சந்திக்கிற பாலம் பேச்சு ஒன்றுதான். அதை நாம் பாடமாக எண்ணுவதில்லை.

அந்தப் பேச்சைப் பிள்ளைகள் ஏன் பேசுவதில்லை? சோம்பல், கைத்தொலைபேசி என்று காரணம் சொல்வது எளிது. கண்டாவளையில் அந்த விடை பொருந்தாது.

முதற் காரணம் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பிரிவில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணி பெற்று வந்து குடியேறியவர்களின் வழிவந்தோரும் இருக்கிறார்கள். 1958, 1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்தவர்களின் வழிவந்தோரும் இருக்கிறார்கள். தர்மபுரம் பக்கம் பின்னவர் பலர். ஒரே வாங்கில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று 'கதைக்கிறன்' என்கிறது, மற்றது 'பேசுறேன்' என்கிறது. ஒன்று 'என்ன செய்யிறியள்', மற்றது 'என்னா செய்றீங்க'. இரண்டும் முழுமையான தமிழ். ஆனால் ஒன்று மேலானது, மற்றது சிரிப்புக்குரியது என்று ஒரு பிள்ளை எட்டு வயதில் வகுப்பறையில் அறிந்துகொண்டால், இருபது வயதில் அது வாய் திறக்குமுன் தன் ஒலியை அளந்து பார்க்கும். அளந்து பார்ப்பதற்குள் கேள்வி கேட்கும் நேரம் போய்விடும். தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு வரும் மௌனமான பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி மௌனமாக்கப்பட்டவர்கள் என்பதைப் போதனாசிரியர்கள் தங்களுக்குள் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆங்கிலக் கூச்சத்தைப் பற்றி எவ்வளவோ கதைத்திருக்கிறோம். தமிழுக்குள் ஒரு தமிழ்ப் பிள்ளை கூசுவதைப் பற்றி மிகக் குறைவாகவே கதைத்திருக்கிறோம்; அது இன்னும் ஆழமான காயம்.

இரண்டாவது காரணம் போர். 2009 சனவரியில் கிளிநொச்சி நகரம் வீழ்ந்த பின் மக்கள் பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியே, தர்மபுரம், விசுவமடு என்று கிழக்கே கிழக்கே தள்ளப்பட்டார்கள். இன்று பயிற்சி நிலையங்களில் இருப்பவர்கள் அப்போது கைக்குழந்தைகள், அல்லது தவழ்ந்து நடந்த வயதினர். பலருக்கு அது நினைவாக இல்லை, வீட்டின் பழக்கமாக இருக்கிறது. வன்னி மக்களின் கூட்டு உளவடுவைப் பற்றி 2010 இல் எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனிதருக்கு நேர்ந்தது மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் தம் உறவுகளின் இழையை இழந்தன என்பதை விரித்துச் சொன்னார். நம்பிக்கையின்மையும் சந்தேகமும் மௌனமும் உயிர் பிழைப்பதற்கான வழிகளாகப் படிந்துவிட்டன. கேள்வி கேட்பது ஆபத்தாயிருந்த காலத்தில் வளர்ந்த பெற்றோர், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த முதல் மரியாதை 'வாயைக் குடுக்காதை' என்பதாக இருந்தால், அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரு மின் வேலையாளுக்கு அந்த மௌனம் உயிராபத்து. "மெயினை ஓஃப் பண்ணியாச்சோ?" என்று உரத்துக் கேட்காமல், கேட்டதற்குத் திருத்தமான பதில் வாங்காமல் கம்பியைத் தொடக்கூடாது. "ஓம்" என்பது போதிய பதிலாகாது. "மெயின் ஓஃப், நான்தான் பண்ணினனான், பக்கத்தில நிக்கிறன்" என்பதுதான் பதில். பெரியவரிடம் திரும்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைக்கு, இந்த இடத்தில் திரும்பிக் கேட்பதே வேலை என்று பழக்க வேண்டும். அதற்கு நாட்கள் எடுக்கும்.

மூன்றாவது, சொற்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் பிஸ்டன் 'முசலம்'. மாறி மாறிப் பாயும் மின்சாரம் 'ஆடலோட்டம்'. அரசகரும மொழித் திணைக்களம் 1950கள் தொட்டுத் தொகுத்து வந்த கலைச்சொற்களின் வழியில் வந்தவை. தமிழிலேயே விஞ்ஞானம் படிக்கலாம் என்று தலைமுறைகளுக்குக் காட்டியவை. அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் கராஜில் யாரும் முசலத்தைக் கழற்றுவதில்லை, பிஸ்டனைத்தான் கழற்றுகிறார்கள். பரீட்சைத் தாளில் ஒரு பெயர், கையில் இருக்கும்போது இன்னொரு பெயர், பெட்டியின் மேல் ஆங்கில எழுத்தில் மூன்றாவது முறை. இந்த மூன்றும் ஒரே பொருள் என்று யாராவது ஒரு நாள் மேசையில் அந்தப் பொருளை வைத்துச் சொல்லாவிட்டால், பிள்ளை மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யும்; எதையும் நம்பிக்கையோடு வாயால் சொல்லாது.

இந்தச் சிக்கலை வடக்கில் முன்பே சந்தித்தவர் ஓர் அமெரிக்க மருத்துவர் என்பதை இங்கே நினைவுகொள்வது பொருத்தம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். 1864 தொட்டுத் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் படித்தவர்கள் ஊரில் தங்காமல் அரச உத்தியோகம் தேடிப் போனதும், தமிழ் படித்தவர்கள் ஊர் மக்களோடு இருந்து வைத்தியம் பார்ப்பார்கள் என்ற எண்ணமும் அதற்குக் காரணங்கள். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' என்று நூல்கள் தமிழில் வந்தன. 'கெமிஸ்தம்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். அது தூய தமிழும் அல்ல, ஆங்கிலத்தை அப்படியே எழுதியதும் அல்ல. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஒலியும் தமிழ் முடிவும் கொடுத்து வாய்க்கு ஏற்றதாக்கியது. இருக்கும் தமிழ்ச் சொல்லை எடு, இல்லாவிட்டால் வடமொழியில் பார், அதுவும் பொருந்தாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழுக்குப் பழக்கு என்று அவர் வழி வகுத்துக்கொண்டார். ஒரு தொழிலைத் தாய்மொழியில் கற்பிப்பதா, பிழைப்புக்கான மொழியில் கற்பிப்பதா என்று நாம் இன்று கிளிநொச்சியில் கேட்கும் கேள்வி அப்போதே மானிப்பாயில் கேட்கப்பட்டுவிட்டது.

இனி ஆங்கிலம். தமிழில் கதைத்தால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. மோட்டாரின் பெயர்த்தகடும் வயரிங் படமும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. உதிரிப்பாகக் கடையில் கேட்க வேண்டிய இலக்கமும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் வேண்டும். எந்த ஆங்கிலம் என்பதுதான் கேள்வி. மோட்டார் வாகனம் படிக்கும் கண்டாவளைப் பிள்ளைக்கு ஏற்கெனவே நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் தெரியும்: பிஸ்டன், வால்வ், பெயரிங், கஸ்கெட், கிளச், ஃபில்டர். தெரியாதவை சிறிய சொற்கள். 'பிஃபோர்', 'அன்டில்', 'அன்லெஸ்', 'அட் லீஸ்ட்'. கையேட்டில் ஆளைக் காயப்படுத்துவதும் காப்பதும் இந்தச் சிறிய சொற்கள்தான். எஞ்சின் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்று தமிழில் சொல்லும்போது, முதலில் ஆற விடு, பிறகு திற என்று செயலின் வரிசையிலேயே சொற்களும் வருகின்றன. ஆங்கிலத்திலோ மூடி, திறப்பது முதலில் வந்துவிடும். ஆறும் வரை என்பது கடைசியில் தொங்கும். பெயர்ச்சொற்களை மட்டும் பொறுக்கி வாசிக்கும் பிள்ளைக்கு மூடி தெரியும், திறப்பது தெரியும், எஞ்சின் தெரியும். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்க அது போதும். இப்படிப்பட்ட முப்பது நாற்பது சிறு சொற்களை, உண்மையான கையேட்டு வாக்கியங்களில் வைத்து, தமிழ் வரிசைக்குத் திருப்பிச் சொல்லப் பழக்கினால் போதும். மூன்று மாதத்தில் ஒரு மாணவன் கையேட்டை அச்சமின்றித் திறப்பான் என்று நம்புகிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999 இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த இடத்தில் உதவுகிறது. போர்க்கால யாழ்ப்பாணத்தில், அமெரிக்க வாழ்க்கையைக் காட்டும் ஒரு பாடப்புத்தகத்தை வைத்து ஆங்கிலம் படித்த மாணவர்களை அவர் ஆராய்ந்தார். அந்தப் புத்தகங்களின் ஓரங்களில் அவர்கள் கிறுக்கியவற்றைக் கூர்ந்து பார்த்தார். படங்களைத் தங்கள் உலகத்துக்கு ஏற்ப மாற்றியிருந்தார்கள், தமிழில் குறிப்பு எழுதியிருந்தார்கள், பாட்டு எழுதியிருந்தார்கள். வகுப்பில் வாய் திறவாதவர்கள் ஓரத்தில் நிறையப் பேசியிருந்தார்கள். ஆங்கிலத்தை அவர்கள் வெறுக்கவில்லை. தங்களுக்கு இடம் தராத ஆங்கிலத்தோடுதான் மல்லுக்கட்டினார்கள். தொழிற்பயிற்சி வகுப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்து கதைப்பதைப் பிழை என்று தடுக்கும் போதனாசிரியர் இந்த நூலின் செய்தியை அறிந்தால் நல்லது. "இந்த போல்ட்டை டைட் பண்ண முந்தி வாசர் போடோணும்" என்பது குறைபட்ட மொழி அல்ல. அதுதான் தொழிலின் மொழி, அதிலிருந்துதான் இரு பக்கமும் ஏற வேண்டும்.

சிங்களத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நான்காம் மட்டப் பாடநெறிகளில் நிலையப் பயிற்சியோடு சில மாதத் தொழிலிடப் பயிற்சியும் உண்டு. அதற்காகவோ முதல் வேலைக்காகவோ கொழும்புப் பக்கம் போகும் பிள்ளை, முதல் நாளே சிங்களத்துக்குள் இறக்கப்படுகிறது. 'தத கரன்ன' என்றால் இறுக்கு, 'புருல் கரன்ன' என்றால் இளக்கு. எதிரெதிரான இந்த இரண்டு சொற்களையும் தெரியாமல் ஒருவன் இன்னொருவனோடு சேர்ந்து ஒரு சில்லைப் பூட்ட முடியாது. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் சொல்கிறது. அந்த உரிமையை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதே நேரம், தனியே தெற்குக்குப் போகும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு ஐம்பது தொழிற்சொற்களும் பத்து மரியாதை வாக்கியங்களும் கற்றுக்கொடுத்து அனுப்பாமல் இருப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி. இந்த வகையில் பெண் பிள்ளைகளின் பாடு இன்னும் கடினம். பராமரிப்பாளர் பயிற்சி பெற்று யப்பான் போன்ற நாடுகளுக்குப் போக நினைப்பவர்கள் அந்த நாட்டு மொழியில் தேர்ச்சி காட்டிய பிறகுதான் விமானம் ஏற முடியும். நோவை நோவாகச் சொல்ல முடியாத ஒரு முதியவரின் முகத்தைப் பார்த்து, மென்மையாகக் கேட்டு, கேட்டதை மற்றவருக்கு எழுதிவைக்கும் அந்த வேலையில் மொழியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

சரி, என்ன செய்யலாம்? அறிவியல் நகர் நிறுவகத்தின் பெயரில் ஜெர்மனி இருப்பதால், அந்த நாட்டுத் தொழிற்பயிற்சியில் இருந்து இரண்டு பழக்கங்களை எடுத்துக் காட்டலாம். அங்கே தொழில் பழகும் ஒவ்வொரு இளைஞனும் பயிற்சிக் காலம் முழுவதும் ஒரு குறிப்பேடு எழுத வேண்டும்: இந்த வாரம் என்ன செய்தேன், என்ன கற்றேன். பொறுப்பாளர் அதைப் பார்த்துக் கையொப்பமிடுவார். அந்தக் குறிப்பேடு இல்லாமல் இறுதித் தேர்வில் அமர முடியாது. இரண்டாவது, பல தொழில்களின் இறுதித் தேர்வில் செய்முறையோடு ஒரு தொழில் உரையாடலும் உண்டு. செய்த வேலையை முன்னால் வைத்துக்கொண்டு, ஏன் இப்படிச் செய்தாய், வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று தேர்வாளர்கள் கேட்பார்கள். எழுத்தும் பேச்சும் அங்கே தொழிலுக்கு வெளியே நிற்கும் அலங்காரங்கள் அல்ல. தொழிலின் உள்ளே இருக்கின்றன.

நம் நிலையங்களிலும் பயிற்சிப் பதிவேடுகள் உள்ளன. ஆனால் 'மோட்டார் திருத்தினேன்', 'வயரிங் செய்தேன்' என்ற ஒற்றை வரிகளால் நிரம்பும் பதிவேடு ஒன்றையும் கற்பிப்பதில்லை. நாளுக்கு ஐந்து வாக்கியம் போதும். வந்தபோது எப்படி இருந்தது, என்ன கேட்டேன், என்ன நினைத்தேன், என்ன செய்தேன், செய்த பின் எப்படிச் சோதித்தேன். தமிழில், பிள்ளையின் சொந்தத் தமிழில் தொடங்கட்டும். பொருட்களின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் இருக்கட்டும். எழுத்துப் பிழையை முதல் மாதம் யாரும் சிவப்பு மையால் தொடக் கூடாது. மூன்றாம் மாதத்திலிருந்து அதே ஐந்து வாக்கியங்களில் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதட்டும். ஆங்கில ஆசிரியர் அந்தப் பதிவேட்டிலிருந்தே தன் பாடத்தை எடுக்கட்டும்.

பேச்சுக்கு, வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் பழுதுக் கதைக்கென்று ஒதுக்கலாம். ஒரு பயிலுநர் தான் ஏமாந்த ஒரு பழுதைச் சொல்ல வேண்டும். ஏமாந்த பழுதுதான் வேண்டும். வென்ற கதையில் மற்றவருக்குக் கற்க ஒன்றுமில்லை. மற்றவர்கள் இடைமறித்துக் கேட்கலாம். ஊரிலிருந்து ஒரு மூத்த மெக்கானிக்கை, சான்றிதழ் இல்லாதவராக இருந்தாலும், அழைத்து வந்து இருத்தலாம். பரந்தனிலும் தர்மபுரத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இடம்பெயர்வுக் காலத்தில் உதிரிப்பாகம் இல்லாமல், மண்ணெண்ணெயிலும் கிடைத்த எண்ணெயிலும் எஞ்சின்களை ஓட வைத்த தலைமுறை அது. அவர்களின் கதைகளை யாரும் எழுதி வைக்கவில்லை. பயிலுநர்கள் கேட்டு எழுதினால் அவர்களுக்கு மொழிப் பயிற்சி, ஊருக்கு ஆவணம்.

விலை சொல்வதும் ஒரு மொழிக் கலை. "எவ்வளவு முடியும் தம்பி?" என்று கேட்டால், "கழட்டிப் பாத்தாத்தான் ஐயா சொல்லலாம்" என்பது எல்லாரும் சொல்லும் பதில். உண்மையான பதில்தான், ஆனால் கேட்டவர் நெஞ்சில் ஒரு பயத்தை விட்டுவிடுகிறது. "ஐயா, வாசர் மட்டும் எண்டா சின்னச் செலவு. உள்ளுக்க இம்பெல்லர் தேஞ்சிருந்தா அது பெரிசு, கழட்டினவுடனை உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் மேல செய்வன்" என்பது அதே உண்மை. இதைக் கேட்டவர் மிசினை விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். இதைப் பட்டறையில் நடித்துப் பழகலாம். எதிரே இன்னொரு மாணவன் இருப்பதைவிட, அயலில் உள்ள ஓர் உண்மையான கமக்காரரோ, தையல் மிசின் வைத்திருக்கும் ஓர் அக்காவோ வந்திருந்தால் சிறப்பு.

இவ்வளவையும் போதனாசிரியரின் தலையில் கட்டுவது நியாயமா என்ற கேள்வி வரும். அவர் வெல்டிங்கோ வயரிங்கோ கற்பிக்க வந்தவர், மொழி ஆசிரியர் அல்லர். இந்தக் கவலை உண்மையானது. அதனால்தான் புதிய பாடவேளை கேட்காமல், ஏற்கெனவே நடக்கும் வேலைக்குள் பேச்சை வைக்கச் சொல்கிறேன். மதிப்பீட்டில் மட்டும் ஒரு மாற்றம் அவசியம்: செய்முறைக்குக் கொடுக்கும் புள்ளிகளில் ஒரு பங்கை, செய்த வேலையை விளக்குவதற்கும் அடுத்தவரிடம் ஒப்படைப்பதற்கும் ஒதுக்க வேண்டும். புள்ளி இல்லாத இடத்துக்குப் பிள்ளையும் போகாது, நிலையமும் போகாது. ஒரு மாணவனின் ஒலியைப் பார்த்து, அது யாழ்ப்பாணத்ததா மலையகத்ததா என்று பார்த்து, அந்தப் புள்ளி கூடவோ குறையவோ கூடாது என்பதையும் மதிப்பீட்டாளருக்கு எழுத்திலேயே கொடுக்க வேண்டும். கேட்டவருக்கு விளங்கியதா, விளங்கியபடி அவரால் செய்ய முடிந்ததா என்ற இரண்டுமே அளவு.

முரசுமோட்டை மிசினுக்குத் திரும்பிப் போவோம். அதன் வேலைச் சீட்டில் 'மிசின் பழுது – திருத்தியது' என்று எழுதலாம். இப்படியும் எழுதலாம்: "எஞ்சின் நல்லா ஓடுது. ஊத்தின தண்ணி நிக்கேல்லை, இறங்குது எண்டு ஐயா சொன்னார். மிசினைக் கழட்டேல்லை. கிணத்தடிக்குப் போய்ப் பாத்தது. ஃபுட் வால்வ் வாசர் தேஞ்சு போச்சு, புதுசு போட்டது. பத்து நிமிசம் ஓடவிட்டது, தண்ணி விடாமல் வந்தது."